புகைப்புரைச் சாவி

இருட்டில் கைக்குத் தட்டுப்படட்டும் என்று
சாவியில் ஒரு துணிக்கிழி கட்டியிருந்தேன்.
ஆறு வருஷம் அதைத்
தலையணைக்கடியில் வைத்துத்தான் உறங்கினேன்.
ஏன் என்று குலசேகரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.
வேலிக்கு அந்தப் பக்கம்
ரசலையன் வீடு.

பதினெட்டு ஷீட்.
மார்த்தாண்டத்துக் கடையில் விற்கும்போது பிடிபட்டான்.
எங்கள் அயனி மரத்தில்தான் கட்டினார்கள்.
கயிறு எங்கே என்றார்கள்.
கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தது நான்.
பிறகும் அதே கயிற்றில்தான்
வெள்ளம் கோரினேன், கஞ்சி வைத்தேன்.

ஐப்பசியில், மழை விடாத ஒரு வியாழக்கிழமை,
இவருக்கு வாய் ஒருபக்கமாகக் கோணியது.
ஆம்புலன்ஸ் இடவழிக்குள் திரும்பவில்லை.
மழையில் பால்வெட்டு இல்லை,
ஆனாலும் பழக்கத்தில் மூன்று மணிக்கு எழுகிறவன்
டார்ச்சோடு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தான்.
கால்பக்கம் நான், தலைப்பக்கம் அவன்.

வண்டிக் கதவை மூடுமுன் சாவியை நீட்டினேன்.
நம்பிக்கை என்று சொன்னால் பொய்.
புகை நின்றால் ஷீட்டெல்லாம் பூத்துப்போகும்.
வேறு ஆள் இல்லை.
"அறுபத்தொண்ணு கெடக்கு, எண்ணி வச்சிருக்கேன்" என்றேன்.
இவருடைய தலை என் மடியில் கிடக்கும்போது
அதைச் சொன்னேன்.

ஆசாரிப்பள்ளத்தில் பதினோரு நாள்.
வார்டு நடையில் பாய் விரித்துப் படுத்து
கண்ணை மூடினால் ஷீட்டை எண்ணுவேன்.
ஐம்பதைத் தாண்டியதில்லை.
ஒன்று உறக்கம் வரும்
அல்லது நர்ஸ் வருவாள்.

திரும்பி வந்தபோது
புகைப்புரைக் கதவு முழுக்கக் கரி எழுத்து.
நாளுக்கு ஒரு வரி:
திறந்த நேரம், பூட்டிய நேரம், 61.
ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வேறொரு கை,
சாய்ந்த பொடியன் எழுத்து:
'எஸ். ஷிஜின், 7 பி.'
எட்டாம் நாள் ஷிஜினுக்குக் காய்ச்சலோ என்னவோ,
சாயாக்கடை ஞானாபரணத்தின் பெருவிரல்
கரியில் அழுந்திக் கிடந்தது.

விறகு தள்ளக்கூட
அவன் ஒருநாளும் தனியே உள்ளே போகவில்லை.

இத்தனையும் வாசித்த பிறகும்
நான் எண்ணினேன்.
எண்ணாமலிருக்க வரவில்லை.
அறுபத்தொன்று. ஒன்றிலும் பூசணமில்லை,
தேன்நிறத்தில் வெளிச்சம் கடந்தது.
திரும்பினால் வாசல்படிக்கு வெளியே நிற்கிறான்.
"செரியா இருக்கா அக்கா?"

எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.
என் விரல் இன்னும் கடைசி ஷீட்டின்மேல் இருந்தது.

சாவியை நீட்டினான்.
துணிக்கிழி புகையில் கறுத்திருந்தது.
நான் வாங்கவில்லை.
"நீயே வச்சுக்க.
நாளைக்கு அந்தப் பிள்ளைய எழுப்பாண்டாம்.
ஒத்தைக்கு வா."

ஒன்றும் சொல்லவில்லை அவன்.
கண்முன்னால் கிடந்த செருப்பை
இரண்டு தடவை தேடினான்.

அன்று இரவு
தலையணைக்கடியில் கை தானாகப் போனது.
ஒன்றும் தட்டுப்படவில்லை.
கை அங்கேயே கொஞ்சநேரம் கிடந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம்
மூன்று மணிக்கு விளக்கு எரிந்தபோது
விழித்துத்தான் இருந்தேன்.
எழுந்து போய்ப் பார்க்கவில்லை,
அவ்வளவுதான் என்னால் முடிந்தது.