முன்பற்கள்

பெட்டி எண் பதினாறு.
வெர்மான்ட், பெல்டன்ஸ் கார்னர்,
டாக்டர் ஜோத்தம் லாத்ராப்புக்கு வந்த கடிதங்கள்.
வந்தவை மட்டும்.
அவர் எழுதியவை எந்தெந்த வீட்டு அடுப்பில் எரிந்தனவோ.
அடுத்த அறையில் யாரோ தொலைபேசியில் பேசுவதைக் கேட்பதுபோல
மூன்று வாரமாக இந்த மனிதரை
மற்றவர்களின் பதில்களிலிருந்து ஊகித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு வைத்தியர். ஊர்ப்படைக்கும் அவரே.
ஒரே தாளில் கேட்டிருக்கிறார்கள்:
காய்ச்சலுக்குச் சிங்கோனாப் பட்டை இரண்டு ராத்தல்,
துப்பாக்கிக்குச் சக்கிமுக்கிக் கல் நூறு,
பேதி உப்பு,
முரசுக்கு ஓர் ஆட்டுத்தோல்.
ஓரத்தில் வேறொரு கை:
"கல் போன தடவை மாதிரி சில்லுசில்லாக வேண்டாம்."

அந்தக் காலத்துத் தோட்டா
காகிதத்தில் சுருட்டிய வெடிமருந்து.
பல்லால் கடித்துக் கிழித்துத்தான் குழாயில் கொட்ட வேண்டும்.
மேலும் கீழும் முன்பல் இல்லாதவனைப்
படை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடும்.
இதை ஊர் எப்படித் தெரிந்துகொண்டது
என்று எந்தக் கடிதமும் சொல்லவில்லை.

1813 மார்ச்.
"அய்யா பல்லுவலி தாங்க முடியல. முன்னால ரெண்டு.
வியாழக்கெழம வரலாமா.
கூலிக்கு ஒரு வாளி மேப்பிள் பாகு."
அடுத்தது கொல்லன்.
அடுத்து மாவுமில்காரரின் இரண்டு பையன்கள்,
ஒரே நாளில், ஒரே பல்லில் வலி.
ஏப்ரல் முடிவதற்குள் பதினொரு பேர்.

கர்னல் ஹீமன் டர்கி எழுதுகிறார்:
"டாக்டர், உமது ஊரில்
பல்லை மட்டும் பிடிக்கிற கொள்ளைநோய் ஏதும் உண்டா?"
வாசித்துவிட்டு உரக்கச் சிரித்தேன்.
எதிர் மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
அடுத்த கடிதத்தில் கர்னலிடம் கிண்டல் இல்லை:
"உமது விளக்கம் கிடைத்தது.
இன்னொரு பல் விழுந்தால் உமது பதவியும் விழும்."

இவற்றுக்கு நடுவே திர்சா. அவருடைய அக்கா.
மலைக்கு அந்தப் பக்கம், விதவை.
தபால் கூலியை மிச்சம் பிடிக்கத்
தாளைத் திருப்பி, எழுதியதன் மேலேயே குறுக்காகவும் எழுதுவாள்.
ஆடு ஈன்றது, கூரை ஒழுகுவது,
பக்கத்து நிலத்துக்காரன் வேலிக்காலைத் தள்ளி நட்டது,
அதன் குறுக்கே, கண்ணை இடுக்கிப் படித்தால்:
"லூமனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது.
சின்ன வயதிலிருந்தே இனிப்பென்றால் உயிர் அவனுக்கு.
பல் கெட்டுத்தான் இருக்கும். கூப்பிட்டுப் பார்."

அவர் கூப்பிட்டார். பார்த்தார்.
என்ன சொன்னார் என்பது
அவள் ஜூனில் எழுதியதிலிருந்துதான் தெரிகிறது:
"ஊர் பேசும் என்கிறாய்.
பதினொரு வீட்டுக்கு வாய் திறக்காத ஊர்
உன் அக்கா வீட்டுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?"

ஆகஸ்டில் கர்னலின் நன்றி. ஆள் எண்ணிக்கை நிறைந்ததாம்.

அக்டோபரில் ஏரிக்கரை முகாமிலிருந்து, பென்சிலில்:
"மாமா, இங்கே சண்டை இன்னும் வரவில்லை.
காய்ச்சல் வந்திருக்கிறது.
தோட்டா கடிக்கப் பழகிவிட்டேன்.
என்ன குடித்தாலும் நாக்கை விட்டுக் கந்தகம் போகமாட்டேன் என்கிறது.
அம்மாவிடம் கோபம் வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன்."

பிறகு திர்சாவின் கடைசிக் கடிதம்.
கால் தாள். குறுக்கெழுத்து கிடையாது.
முக்கால்வாசி வெறுமையாக விட்டிருக்கிறாள்,
தபால் கூலியைப் பற்றி யோசிக்காமல்.
"வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.
நானே குளிப்பாட்டினேன்.
ஒரு பல்லிலும் பழுதில்லை.
நீ சொன்னது சரிதான்."

அடுத்த தாள் வழக்கம்போல:
கல் நூறும் வந்து சேர்ந்தது, ரசீது இணைப்பு.

விவர அட்டை நிரப்ப வேண்டும்.
மற்ற கடிதங்கள்
இரண்டு மூன்று முறைக்கு மேல் பிரிக்கப்படாதவை,
மடிப்பு இன்னும் விறைப்பாக நிற்கிறது.
இந்தக் கால் தாள் மட்டும்
திறந்து மூடித் திறந்து மூடி நைந்து
நான்கு துண்டாக என் உள்ளங்கையில் கிடக்கிறது.
எழுத்தில் ஒன்றுகூட அழியவில்லை.

சேதம் என்ற கட்டத்தில் எழுதுகிறேன்:
மடிப்புகளில்.