அல்ல

இபாடான் நகரத்துச் சுவர்களில்
பாதி என் கையெழுத்து.
"இந்த வீடு விற்பனைக்கு அல்ல."
மூவாயிரம் நைரா, பெயின்ட் தனி.
"அல்ல"வுக்கு மட்டும் இரண்டு கோட்டிங் கொடுப்பேன்.
மழையில் அந்தச் சொல் முதலில் கரைந்தால்
மிச்சம் நிற்பது விளம்பரம்.

ஆளில்லாத வீடு இங்கே மூடாத பாத்திரம்.
உரிமையாளர் லண்டனில் இருப்பார், அல்லது கல்லறையில்.
அவர் பெயரில் ஒருவன் கஞ்சி போட்ட சட்டையில் வருவான்,
சாவி வைத்திருப்பான்,
"இந்தப் படியில்தான் என் மகள் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள்" என்று
கை வைத்துக் காட்டுவான்.
வாங்குகிறவன் கண் கலங்குவான்.
கையெழுத்தாகிவிடும்.

ஹர்மட்டான் காற்றில் ஊரே மாவு சலித்த மாதிரி இருந்த நாளில்
இன்ஜினியர் ஒலாடிப்போ கூப்பிட்டார்.
மொகோலாவில் மாடி வீடு, பச்சை கேட்.
"எழுத்து பெரிதாக இருக்கட்டும். கீழே என் போன் நம்பர்.
எவனாவது ஏமாற்றி விற்கப் பார்த்தால்
வாங்குகிறவன் என்னைக் கேட்டுக்கொள்ளட்டும்."
நியாயமான பேச்சு.
ஏணியைப் பிடித்துக்கொண்டார்,
குளிர்ந்த மால்ட் பாட்டில் ஒன்று வாங்கித் தந்தார்,
கேட்ட காசை அப்படியே எண்ணிக் கொடுத்தார்.
பேரம் பேசாததை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் எபுன் அடெகோயா வந்தாள்.
மான்செஸ்டரில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ்.
இரண்டு பெட்டி, ஒரு சாவி.
சாவி நுழையவில்லை.
உள்ளிருந்து ஒரு குழந்தை
"யாரு?" என்றது.

பிறகு துண்டு துண்டாகக் கேள்விப்பட்டேன்.
அந்த நம்பரைப் பலர் அழைத்திருக்கிறார்கள்.
"விற்பதாக இல்லை" என்று
இரண்டு தடவை மறுத்திருக்கிறான்.
மூன்றாவது தடவை, மகனுக்கு ஆபரேஷன் என்று
மனம் இறங்கியிருக்கிறான்.
வேண்டாம் என்று சொன்னவனை
எவன் திருடன் என்பான்?
பத்திரம் போலி, முத்திரை போலி,
இன்ஜினியர் என்பதும் போலி.
அந்த வியாபாரத்தில் அசலாக இருந்தது
என் சிவப்பு எழுத்து ஒன்றுதான்.

வாங்கியவர் பள்ளிக்கூட வாத்தியார்,
பென்ஷன் மொத்தத்தையும் கொட்டியவர்.
அவரும் அழுதார், அவளும் அழுதாள்,
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
அந்த நம்பருக்கு நானும் போட்டுப் பார்த்தேன்.
உபயோகத்தில் இல்லையாம்.

இப்போது அந்தச் சுவரில் "வழக்கில் உள்ளது" என்று இருக்கிறது.
வேறு ஆள் எழுதியது. ஒரே கோட்டிங், இப்போதே உரிகிறது.

நான் இனி நம்பர் எழுதுவதில்லை.
சர்வே வரைபடம் கேட்கிறேன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறேன்.
"நீ பெயின்டரா, போலீஸா?" என்று
நாலு பேர் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.
அக்கம்பக்கத்தார் சொல்வதும் எவ்வளவு தூரத்துக்கு நிஜமோ.

போன வாரம் அகோடியில் ஒரு அம்மாள்.
வரைபடத்தைத் தூக்கி என் மேல் எறிந்தாள்.
மூவாயிரமா, பகல் கொள்ளையா என்றாள்,
ஆயிரத்து இருநூறுக்கு மேல் அசையவே இல்லை,
பழைய டப்பாவில் பாதி பெயின்ட் இருக்கிறது, அதிலேயே எழுது என்றாள்.
நிம்மதியாக
ஏணியைச் சாத்தினேன்.