ஒலி மாறும் இடம்

மார்ச் மாதம். செயின்ட் கிளேர் ஏரியில்
பனிக்கட்டி இன்னும் கரையை விடவில்லை.
லைல் ஹேவர்காம்ப் கொட்டகைக் கதவை இழுத்ததும்
முப்பத்திரண்டு அடிச் சிவப்பு
மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.
ஆயிரத்து நூறு குதிரைகள், என்றான்.
ஒரு குதிரையும் கனைக்கவில்லை.

கார்களுக்கு அச்சு செய்யும் ஆலையில்
ஆறு வருட இரவு ஷிஃப்ட்டை ஓர் உறையில் போட்டு
உள்பையில் வைத்திருந்தேன்.
மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் இடித்தது.

நான் பெயின்ட்டைப் பார்த்தேன்.
அதில் என் முகம் என்னைவிட அழகு.

டெல்ஃபின் ஓக்ரே பெயின்ட்டைப் பார்க்கவில்லை.
கூலி பேசி நான் அழைத்து வந்தவள்.
குளிருக்கு முழங்காலில் கம்பளித் துண்டு கட்டி
படகின் அடியில் மல்லாந்து
சின்னஞ்சிறு சுத்தியல் ஒன்றால்
தட்டத் தொடங்கினாள்.

டக். டக். டக்.
சாண் சாணாக.
கடன் கேட்க வந்தவன் தட்டுவதுபோல் அல்ல,
கடன் கொடுத்தவன் தட்டுவதுபோல்.

லைல் பேசிக்கொண்டே இருந்தான்.
எண்பத்தைந்து மைல் வேகத்தில்
காபி சிந்தாதாம்.
நன்னீரிலேயே வளர்ந்ததாம், உப்பின் ருசியே அறியாததாம்.
எங்கேயும் மோதியதில்லையாம்,
ஒரு நாளும், ஒரு தடவையும்.
அவன் சொல்லச் சொல்ல
எனக்கு ஜூலை வந்துவிட்டது.
கைக்குள் ஸ்டியரிங்கூட வந்துவிட்டது.

டக். டக்.
தொப்.

டெல்ஃபின் நிறுத்தினாள்.
மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு.
மறுபடி தட்டினாள்.
தொப். தொப்.
ஊறிய ரொட்டியில் விரல் வைத்த சத்தம்.
கோடுகள் கூடிச் சிவப்பின்மேல் ஒரு தீவாயின.
தீவு வளர்ந்துகொண்டே போனது.

ஈரமானியை வைத்தாள்.
முள் வலது ஓரம் போய் அங்கேயே நின்றது.
எஞ்சின் அறைக்குள் தலைகீழாகத் தொங்கி
டார்ச் அடித்துக் காட்டினாள்:
நீளவாக்கில் ஓடும் விலாச்சட்டம்,
அதைப் போர்த்திய கண்ணாடியிழையில்
தலைமுடி பருமனில் ஒரு விரிசல்.
மறைக்க அடித்த சாம்பல் வண்ணமும்
அதே இடத்தில் விரிந்திருந்தது.

“பறந்து, தப்பா இறங்கியிருக்கு” என்றாள்.
“இல்லவே இல்ல” என்றான் லைல்.

சாவிக்கொத்தோடு வந்து நின்ற மகள் கோரின்
கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்
“அப்பா, உன் பல்லு உடைஞ்ச அன்னிக்கு” என்றாள்.

கூரையில் பனி உருகிச் சொட்டியது.
லைல் வாயை மூடிக்கொண்டான்.
மூடுவதற்குள் பார்த்துவிட்டேன்:
மேல்வரிசையில், இடப்பக்கம்,
மற்றவற்றைவிடச் சற்றே வெள்ளையாக ஒன்று.
அதுவும் நல்ல வேலைப்பாடுதான்.

டெல்ஃபின் துளைக்கருவியை எடுத்து அனுமதி கேட்டாள்.
அவன் தலையாட்டினான்.
எஞ்சினைத் தாங்கும் பின்பலகையில், உள்ளிருந்து,
பென்சில் நுழையும் ஓட்டை.
காய்ந்த மரமென்றால் துருவல் பறக்கும்.
இது பறக்கவில்லை. கறுப்பாக,
கொதித்து முடிந்த தேயிலைபோல்
மெதுவாகப் பிதுங்கி வந்தது.
விரலில் எடுத்து முகர்ந்தேன். ஏரி வாசம்.
எத்தனையோ கோடையாக
வாடகை தராமல் குடியிருந்த ஏரி.

விலையைப் பாதியாக்கினான்.
பிறகு அந்தப் பாதியையும் பாதியாக்கினான்.
ஒவ்வொரு முறையும் உறை நெஞ்சில் இடித்தது.
வாங்கு என்றா, வேண்டாம் என்றா,
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் டிரெய்லரை வாங்கினேன்.
மூன்று அச்சு; அச்சு எனக்குத் தெரிந்த பொருள்.
டெல்ஃபின் அதையும் தட்டினாள்.
டங் என்றது, கூச்சமே இல்லாமல்.
ஜாக்கி வைத்து, அங்குலம் அங்குலமாக உருவி,
படகைக் கட்டைகள்மேல் உட்கார வைப்பதற்குள்
பொழுது சாய்ந்துவிட்டது.
யாரும் அதிகம் பேசவில்லை.
கோரின் மட்டும் ஒரு நிமிடம்
அந்த மெழுகுத் தீவின்மேல்
உள்ளங்கையை வைத்திருந்தாள்.

திரும்பும் வழியில்
ஒன்றுமே ஏற்றாத டிரெய்லர்
ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளியது.
சிவப்பு விளக்கில் நின்றபோது
என்னையறியாமல் விரல்முட்டியால்
டாஷ்போர்டைத் தட்டினேன். கதவைத் தட்டினேன்.
பிறகு, உறை இருந்த பக்கம், நெஞ்சை.

சத்தம் காதில் விழுவதற்குள்
பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.