ஆற்றுதல்

மாஹிம் கடல் பத்து நிமிட நடை.
நான் கடல் செய்வது வீட்டில், வாளியில்.

இருபது லிட்டர் வடிகட்டிய தண்ணீர்,
முக்கால் கிலோ உப்பு.
எந்த நாட்டிலோ அடைத்து வந்த உப்பு,
விலையை வீட்டில் சொன்னதில்லை.
இரவெல்லாம் மோட்டார் கலக்கும்.
காலையில் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு
ஜன்னலுக்கு நேரே பிடிப்பேன்:
ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு ஐந்து.
கடல் ஆகிவிட்டது.

பகலில் லேபிலும் இதே வேலைதான்,
அடுத்தவர் ரத்தத்தில் உப்புப் பார்ப்பது.
சோடியம் நூற்றுப் பதினெட்டு என்று வந்தால்
உடனே டாக்டருக்குப் போன் போட வேண்டும்.
இங்கே போன் போட யாரும் இல்லை.

"ஒரே பெரிய தொட்டியா வெச்சா என்ன?"
வருகிற எல்லாரும் கேட்பார்கள்.
அறையே பத்துக்குப் பன்னிரண்டு.
ஃபிரிட்ஜ் மேல் ஒன்று, தையல் மிஷின் மேல் ஒன்று,
செருப்பு ஸ்டாண்டில் இரண்டு கோமாளி மீன்கள்.
சிலிண்டர் ஓரத்தில் இருப்பதில் ஒரு துறவி நண்டு;
வீடு மாறிக்கொள்ள மூன்று காலிச் சங்கு போட்டேன்,
உள்ளே கால் விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு
பழைய ஓட்டுக்கே திரும்பிப் போனது.
இந்த ஊரில் இவ்வளவு கறாரான குடித்தனக்காரரை
நான் பார்த்ததில்லை.

சொல்லாத காரணம் ஒன்று உண்டு.
ஒன்று செத்தால்
மற்றதற்குத் தெரியக் கூடாது.

மீன்காரி ஹீராபாய் கூடையை இறக்காமலே
கோமாளி மீனை எட்டிப் பார்த்தாள்.
விலை கேட்டாள். சொன்னேன்.
கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஜூலையில், அமாவாசைக்கு மறுநாள்,
மழையும் ஓதமும் ஒன்றாய் ஏறிய இரவு
சாக்கடை வாய் வழியே கடல் வந்தது.
மூன்றாம் படி வரை. செருப்புகள், பாவ் பாக்கெட்,
யாருடையதோ ஹெல்மெட்.
யாரும் அளக்காத அசல் கடல்.
ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
நாலு மோட்டாரும் நின்ற பிறகுதான் தெரிந்தது
அதுவரை வீட்டில் ஒரு சத்தம் இருந்தது என்று.

பேட்டரி பம்ப் ஒன்றுதான். அதை மீன்களுக்குக் கொடுத்தேன்.
மற்றதைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தபோது
கீழ் அறை இசக்கி இடுப்புவரை நனைந்து ஏறி வந்தான்,
தலையில் டீக்கடை ஸ்டவ்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"கலக்கக் கூடாதுக்கா. ஆத்தணும்."

குவளையை வாங்கிக்கொண்டான்.
மேலே ஒரு கை, கீழே ஒரு கை,
நடுவில் ஒன்றரை முழம் கடல்.
ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.
நுரை கட்டியது. பாறைக்குள்ளிருந்து
ஒரு இறால் மீசை எட்டிப் பார்த்தது.
"சர்க்கரை எவ்வளவு?" என்றான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து நிமிடம் கழித்து வந்தது.

விடியும்வரை மாற்றி மாற்றி.
ஃபிரிட்ஜ் மேல் இருப்பதற்கு மட்டும் ஸ்டூல் வேண்டும்.
முதலில் இரண்டு முறை ஏறினோம்,
பிறகு ஒரு முறை,
பிறகு ஏறவில்லை.
விட்டுவிட்டோம் என்று இருவருமே வாயால் சொல்லவில்லை.
நாலு மணிக்கு அது பால் விட்டாற்போல் வெளுத்தது,
வாடை வந்தது.

கடல் சேற்றை வைத்துவிட்டுப் போனது.
இசக்கி பத்தரைக்குக் கடை போட்டான்.
கை வலி என்று அன்று மட்டும்
டீயை ஆற்றாமலே கொடுத்தானாம்.
சாள் முழுக்க நாக்கு சுட்டது.

ஃபிரிட்ஜ் மேல் தொட்டியை நான் கொட்டவில்லை.
தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன், ஏன் என்று கேட்காதீர்கள்.
பதினோராம் நாள் செத்த பாறையில்
கடுகளவு ஒரு பழுப்புச் சாமந்தி
கைகளை விரித்தது.

அது களை.
கண்ட அன்றே கொல்ல வேண்டும், இல்லையென்றால்
பாறை முழுதும் பரவிவிடும்.
எலுமிச்சைச் சாற்றை ஊசியில் ஏற்றிக் குத்தினால் போதும்.
லேபில் ஊசிக்குப் பஞ்சமில்லை.
எலுமிச்சையும் வாங்கி வந்தேன், பத்து ரூபாய்க்கு மூன்று.

சாதம் கிளறி
இசக்கிக்கு ஒரு டப்பா கொடுத்தேன்.