சந்தா பாக்கி

கெர்வெல் இறந்துவிட்டாராம்.
எண்ணூர் நெடுஞ்சாலைச் சங்க ஆபீஸில்
டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார் கன்னியப்பன்.

எழுபத்தொன்பது வேலைநிறுத்தத்தில்
சரக்கு இறக்க ஆளில்லாமல் நின்ற கப்பலிலிருந்து
இறங்கி வந்த பிரெஞ்சுப் பையன்.
காசிமேட்டில் எங்களோடு குந்தி
காரப்பொடி வறுவலை முள்ளோடு மென்றான்.
இரண்டு ரூபாய் கட்டி
சங்கத்தில் சேர்ந்தான்.
ரசீது போட்டது நான்.
பெயர் வாயில் நுழையாமல்
'கருவேல்' என்று எழுதினேன்.

அவன் ஊருக்கு மேயர் ஆனான், எம்.பி. ஆனான்.
மந்திரி ஆனபோது
நாங்களும் 'ஆனார்' என்றோம்.
தன் ஊர்க் கப்பல் பட்டறையை
மூடச்சொன்ன கோப்பில்
கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.
அந்த மாதம் ஒரு தபால் வந்தது:
வேறு வழி இருக்கவில்லை, தோழர்களே.
பதில் போடுவதா என்று கமிட்டி கூடியது,
கரண்ட் போனது,
கலைந்துவிட்டோம்.

இன்று பேரேட்டைத் தேடி எடுத்தேன்.
கருவேல். சந்தா பாக்கி
நாற்பத்தைந்து வருடம்.
பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தேன்.

"எதுக்கு அடிக்கிற?
செத்ததுக்கா, கையெழுத்துக்கா?"

வெளியே கன்டெய்னர் லாரிகள்
ஒரு மணி நேரமாக
நகரவில்லை.