நாலாவது ஸ்டிக்கர்

முதலாளி மகன் கனடா போனான்.
காரை அப்பாவுக்கும்
ஜிம் சாமானைத் தங்கைக்கும்
பாம்பைப் பூபதிக்கும் விட்டுப் போனான்.

ஆப்பிரிக்கச் சாதி, விசமில்லை,
பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.
பதினஞ்சு வேலம்பாளையம் லைன் வீட்டுக்கு
அப்படி வந்து சேர்ந்தது ஒறம்பரை,
மூடி போட்ட டப்பாவில்
மேலே ஒரு செங்கல்லோடு.

"நீ பக்கத்துல வர வேண்டாம்" என்றார்.
"அது பக்கத்துல வராம இருக்கோணுமே" என்றேன்.

கம்பெனியில் கழித்துப் போட்ட
கட்டிங் டேபிள் பிளைவுட்,
எடைக்கு வாங்கிய கண்ணாடி ரெண்டு,
ஸ்டீல் வலை ஒரு சாண்,
மார்கழிக்குச் சூடு தர வயர் வைத்த பாய்.
ஞாயிறு முழுக்க அறுத்தார்.
அடிப்பலகை கால் இஞ்ச் கூடுதல்.
கெட்ட வார்த்தை ரெண்டு.
மறுபடி அறுத்தார்.

அப்புறம் சிலிக்கான்.
அமுக்கினால் வெள்ளைப் புழு
மூலையில் ஊர்ந்து படுக்கும்.
சோப்புத் தண்ணியில் விரலை நனைத்து
ஒரே இழுப்பில் வழிக்க வேண்டும்,
நின்றால் மேடு கட்டும்.
அவருக்கு நின்று நின்றுதான் வந்தது.
மூணாவது மூலையில் நான் வாங்கிக்கொண்டேன்.
ஃபிளாட்லாக் அடித்த கை,
மூலை திரும்பத் தெரியும்.

வீடெல்லாம் புளிச்ச காடி வாடை.
வாடை போகாமல் உள்ளே விடக் கூடாதாம்.
நாலு நாள் சோறு, தலையணை, அவர் கழுத்து
எல்லாமே ஊறுகாய்.
டப்பாவில் அது பொட்டாட்டக் கிடந்தது.

அஞ்சாம் நாள் செக்கிங்.
பதினோரு வருசமாக என் சோலி அதுதான்.
டியூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
ஊசி விட்டுப்போன கோடு,
எண்ணெய்ப் பொட்டு, கடுகளவு ஓட்டை,
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

டார்ச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் வைத்து
வீட்டு விளக்கை அணைக்கச் சொன்னேன்.
இருட்டில் பெட்டி ஒழுகியது.
கண்ணாடி ஓடும் தண்டவாள முனையில் ஒரு நூல்,
பின்பலகை ஸ்க்ரூ பக்கம் ஒரு பொட்டு,
வலை ஓரத்தில் அரிசி நீளம்.
மூணு ஸ்டிக்கர்.

"இத்தினியூண்டுல எப்படிப் போகும்?"
"தலை போற எடத்துல ஒடம்பும் போகும்."
கல்யாணத்துக்கு முன்னால்
எங்கள் வீட்டு ஜன்னல் வழியே அவர் வந்ததை
நான் எடுக்கவில்லை.

மறுபடி சிலிக்கான். மறுபடி ஊறுகாய்.

சனிக்கிழமை உள்ளே விட்டோம்.
கட்டைவிரல் கனம், ஒன்றே முக்கால் அடி.
தண்ணிக் கிண்ணத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு
ஓரம் பிடித்தது.
நாக்கை நீட்டி நீட்டி
கீழ் ஓரம், மேல் ஓரம், திரும்பக் கீழ் ஓரம்.
சூப்பர்வைசர் நிற்காமலே
இப்படி வேலை பார்க்கும் ஆளை
எங்கள் யூனிட்டில் நான் கண்டதில்லை.

ராத்திரி மூணு மணி. பூபதியின் குறட்டை.
சூட்டு மீட்டரில் சிவப்பாக முப்பத்தொன்று.
வயர் நுழையும் இடத்தில் அது நின்றுவிட்டது.
முட்டியது. பின்வாங்கியது.
அதே இடத்தில் முட்டியது.

அங்கே வெளிச்சம் ஒழுகவில்லையே.
கறுப்பு வயர், கறுப்பு ரப்பர்,
சுற்றிலும் நான் வழித்த சிலிக்கான்.
விரலால் தொட்டேன்.
விழப்போகும் பால்பல் மாதிரி ஆடியது.
மூடியிருந்தது,
ஒட்டியிருக்கவில்லை.
அதை டார்ச் காட்டாது.

நாலாவது ஸ்டிக்கரை ஒட்டினேன்.
டப்பாவைக் கழுவி மொட்டை மாடியில் கவிழ்த்திருக்கிறது.
அவரை எழுப்பினால் விளக்கு, சத்தம்,
பக்கத்து வீட்டுக் கதவு,
காலையில் வீட்டுக்காரம்மா.
ஓட்டைமேல் கட்டைவிரலை வைத்து
உட்கார்ந்துகொண்டேன்.
எட்டு மணி ஷிப்டுக்கு
இன்னும் அஞ்சு மணி நேரம்.

அந்தப் பக்கமிருந்து அது தள்ளியது.
இந்தப் பக்கமிருந்து நான்.
சித்த நேரம் போனபின் தள்ளல் நின்று
எடை மட்டும் இருந்தது விரல்மேல்.
அசந்து சாய்ந்துவிட்டதா,
இன்னும் சோதித்துப் பார்க்கிறதா,
செக்கிங் ஆளுக்கே தெரியவில்லை.