பெண்சிங்கம், கிழக்குப் படிக்கட்டு

ஈலாமிலிருந்து புறப்பட்டவர்கள்
இன்னும் அரசனிடம் போய்ச் சேரவில்லை.
ஒருவன் கையில் வில்.
ஒருவன் கயிற்றில் பெண்சிங்கம்.
பின்னால் வரும் இருவர் மார்பிலும்
ஆளுக்கொரு குட்டி.

கால் நடப்பது முன்னே,
முகம் பார்ப்பது பின்னே.
கழுத்தில் அந்த முறுக்கை வெட்டியவனுக்கு
எத்தனை படி பார்லி அளந்தார்களோ.

சாரத்தில் குந்தியிருக்கிறாள் குல்நூஷ்.
பல் துலக்கும் பிரஷ், காய்ச்சி வடித்த நீர்,
மர்வ்தஷ்த் கடைத்தெருவில் வாங்கிய மூங்கில் குச்சி.
காளையின் பின்தொடையைக் கவ்விய ஆண்சிங்கத்தை
நேற்றே முடித்துவிட்டாள்.
பல்லிடுக்குக்கு மட்டும் மூன்று மணி நேரம்.

இதற்குக் கண்ணில் கற்பாசி.
மஞ்சள், ஒரு காசளவு.
குச்சி பட்டதும்
பாசியோடு கல்லும் மாவாக உதிர்கிறது.
கண்ணைத் தின்றது அதுதான்;
மிச்சத்தைத் தாங்கிப் பிடிப்பதும் அதுதான்.

கீழிருந்து பஹ்மன்யார் கத்துகிறான்:
"வெளிச்சம் போகுது, முடிஞ்சுதா இல்லையா?"

கயிறு பிடித்தவன் திரும்பவே இல்லை.

பிரஷை உதறிவிட்டு
பேரேட்டில் எழுதுகிறாள்:
கழுத்து, சுத்தம் செய்யப்பட்டது.
காது, செய்யப்பட்டது.
கண், விடப்பட்டது.